எல்லோரும் குடிக்கும் தம்ளர்

1

போன வாரம் எங்கள் கப்பலுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது. பரீட்சை எழுதியது கப்பலின் சமையலறைகள். எழுத வைத்தவன் நான்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றால், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, சொல்லாமல் கொள்ளாமல் சுகாதார அதிகாரிகள் ஏறிவிடுவார்கள். குளிரறையின் குளிர், குடிதண்ணீரில் குளோரின், ஐஸ் இயந்திரத்தின் இடுக்கு, சமையல்காரனின் நகம் என்று ஒன்று விடாமல் பார்த்து மார்க் போடுவார்கள். மார்க் குறைந்தால் பேப்பரில் வரும். பேப்பரில் வந்தால் பயணிகள் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள். அதனால், அவர்கள் வருவதற்கு முன்பே அவர்களைப் போலவே தினமும் சுற்றி வந்து எல்லோருடைய உயிரையும் எடுப்பதற்காகக் கம்பெனி ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. ஞானப்பிரகாசம் என்ற என் முழுப்பெயரைச் சொல்ல இங்கே எந்த நாக்கும் ஒத்துழைப்பதில்லை. மிஸ்டர் ஞான் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரப் பையன்கள் வைத்திருக்கும் பெயரும் எனக்குத் தெரியும். அது இங்கே அச்சேறாது.

அதிகாரிகள் படியேறும்போதே ஒலிபெருக்கியில் கப்பலில் இல்லாத ஒருவரின் பெயரைக் கூப்பிடுவார்கள். 'மிஸ்டர் இன்னார் உடனே வாசலுக்கு வரவும்' என்று கேட்டதும் இருநூறு பேர் ஓடிப்போய்க் கை கழுவுவார்கள். முதல் தடவை இதைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சுகாதார இன்ஸ்பெக்டர் தலை தெரிந்ததும் சர்வர் உள்ளே பார்த்து 'ஸ்பெஷல் நெய் ரோஸ்ட் ஒண்ணு' என்று கத்துவாராம். உள்ளே பாத்திரங்கள் உருளும். அப்பா சொல்லியிருக்கிறார். உலகம் பூராவும் சுத்தம் இப்படித்தான் ஓடி வருகிறது.

நூறு வாங்கியதற்குப் பணியாளர் சாப்பாட்டுக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். கேப்டன் தன் கையாலேயே ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஷாம்பெயின் ஊற்றி எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எல்லோரும் தூக்கிப் பிடித்தபோது நானும் தூக்கிப் பிடித்தேன். பிறகு குடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காரணம், இரண்டு மாதம் முன்னால் லீவில் தாம்பரம் வந்து போனது. வந்தது ஒரே காரியத்துக்காக. அப்பாவைச் சேலையூரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, எல்லோரும் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் குடிக்க வைப்பது. ஏதோ ஒரு ஹோட்டல் இல்லை. வரதனுடைய ஹோட்டல்.

2

அப்பா மரியதாஸ் துப்புரவுத் தொழிலாளி. ஊர் எங்களைக் கூப்பிட்ட பெயரை எழுதி என் பேனாவை அசிங்கப்படுத்த மாட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில்கூட சேலையூரில் கேம்ப் ரோடை ஒட்டிய பழைய வீடுகளில் எடுப்புக் கக்கூஸ்தான். எடுப்பு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு மனிதன் இருந்துவிட்டுப் போனதை இன்னொரு மனிதன் எடுப்பது. அதற்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. தெருப்பக்கம் எங்கள் நிழல் விழக் கூடாது.

வரதன் வீட்டைப் பெரிய வூடு என்போம். நெல் விளைந்த நிலத்தை மனை மனையாக விற்றுப் பணக்காரர்களானவர்கள். முன்பக்கம் மொசைக் தரை போட்டார்கள், டிவி ஆன்டெனா வைத்தார்கள். பின்பக்கத்துக் கக்கூசை மட்டும் மாற்றவில்லை. எடுக்க ஆள் இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும்.

பள்ளிக்கூட லீவு நாளில் அப்பாவுடன் நானும் போவேன். வேலை முடிந்ததும் அப்பா தண்ணீர் கேட்பார். வரதனின் அம்மா சொம்போடு வருவார். அப்பா குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வார். அந்தம்மா சொம்பைத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கி, அங்கிருந்து ஊற்றுவார். ஒரு சொட்டு வெளியே போகாது. அவ்வளவு குறி. சொம்புக்கும் அப்பாவின் கைக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம்.

வரதனுக்கு என் வயதுதான். பின்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்ப்பான். ஒரு தடவை அவனைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, "எனக்குத் தம்ளர்ல குடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

அந்தம்மாவுக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார். "இன்னா மரியதாசு, உன் புள்ள நல்லா படிக்கிறான் போல கீது," என்றார்.

சந்து முனை தாண்டியதும் அப்பா என்னை அறைந்தார். "தண்ணி குடுத்தாங்களா இல்லியா? அப்பாலே எதுல குடுத்தா இன்னாடா உனுக்கு?"

அன்றைக்கு எனக்கு அந்தம்மா மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் அதிகம் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் கன்னத்தில் அந்த இடம் எனக்குத் தெரியும்.

3

மிஷன் பள்ளிக்கூடம், சர்ச் உதவி, பிறகு சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு. அப்பன் அள்ளியதை மகன் மேற்பார்வை பார்க்கப் படித்தான் என்று தெருவில் சொன்னார்கள். வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை, அங்கிருந்து கப்பல். இப்போது மயாமியில் வீடு. கப்பல் கரைக்கு வரும் நாளில் மட்டும் நான் குடும்பஸ்தன்.

விசாவுக்கு நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அதிகாரி, "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். பொது சுகாதாரம் என்றேன். "ஓ, டாக்டரா?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். நம் தலையாட்டலுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க அமெரிக்காவில் இன்னும் இயந்திரம் வரவில்லை. முத்திரை விழுந்தது.

மகள் ஷீபா பன்னிரண்டு வயதில் தன் தாத்தாவைப் பற்றிப் பள்ளியில் பேசினாள். இந்தியாவில் ஒரு நகரத்தின் சுகாதாரத்தைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டவர் என்று சொன்னாளாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. டீச்சர் கைதட்டினாராம். மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அடிக்கடி கை கழுவுவோம். ஷீபாவுக்கு இரண்டு வயதிலேயே முழங்கை வரை சோப்புப் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான். கையால் சாப்பிடுவதை ஏழு வயதில் நிறுத்திவிட்டாள். "நகத்துக்குள் என்ன இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க டாடி," என்றாள். என் தொழிலை என் வீட்டில் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

4

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பணியாளர்களுக்குச் சுகாதார வகுப்பு எடுத்தேன். முதல் பாடமே எல்லோரும் கையை நீட்ட வேண்டும். நான் ஒவ்வொரு கையாகத் திருப்பி நகத்தைப் பார்ப்பேன். வரிசையில் நாலாவதாக நீட்டப்பட்டிருந்த கையைப் பிடித்து நிமிர்ந்தேன். வரதன்.

மனை விற்ற பணம் கரைந்து, கேட்டரிங் படித்து, ஏஜென்ட் மூலம் இந்தியப் பணியாளர்களுக்குச் சமைக்க வந்திருக்கிறான். என் சட்டையின் தோளில் இருந்த பட்டைகளைப் பார்த்தான், பெயர் வில்லையைப் படித்தான், முகத்தைப் பார்த்தான்.

"நீ... மரியதாஸோட..." என்று தொடங்கி, கொஞ்சம் நிறுத்தி, "சார்" என்று முடித்தான்.

"நகம் வளர்ந்திருக்கு. வெட்டிட்டு வந்து காட்டுங்க," என்றேன்.

அவன் கையை நான் தொட்டேன். அவனால் இழுத்துக்கொள்ள முடியாது. அது கம்பெனி விதி. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. தினமும் அவனை நிறுத்தினேன், நகம் பார்த்தேன், திரும்பக் கழுவ வைத்தேன். இதையெல்லாம் பாவமன்னிப்பாக யாரும் படிக்க வேண்டாம். பாவமன்னிப்புக்குப் பாதிரியாரிடம் போவேன், பத்திரிகைக்கு எழுத மாட்டேன்.

வரதன் அழுக்கானவன் இல்லை. குளிக்காமல் அடுப்பு மூட்ட மாட்டான். பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவனுடைய சிக்கல் ஒன்றுதான். ருசி பார்க்கும்போது கரண்டியைத் தூக்கி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்ப்பான். நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். கப்பல் விதி வேறு. சுத்தமான ஸ்பூனை எடுத்து, ஒரே தடவை ருசி பார்த்து, கழுவப் போட்டுவிட வேண்டும்.

பல தடவை சொன்னேன். அவன் அந்த ஸ்பூனைத் தொடவே கூசினான்.

"ஆயிரம் பேர் வாய் வெச்ச ஸ்பூன் சார் அது."

"மெஷின்ல கொதிக்கக் கொதிக்கக் கழுவுது."

"கழுவினா? எச்சில் எச்சில்தானே சார். என் கை என் கையோட. நான் வாயே வெக்கறதில்ல பாருங்க."

"நக்கறதுக்குப் பேர் என்ன வரதன்?"

"அது என் கை சார்," என்றான், குழந்தைக்குச் சொல்வது போல.

ஒரு நாள் ஒலிபெருக்கி, இல்லாத அந்த மனிதரைக் கூப்பிட்டது. வந்தவர் ஓர் உயரமான அம்மா. கையில் டார்ச், சட்டைப் பையில் தெர்மாமீட்டர். பயணிகளின் சமையலறைகளை முடித்துவிட்டுப் பணியாளர் சமையலறைக்குள் நுழைந்தார். வரதன் சாம்பார் இறக்கும் நேரம். பயந்தால் மனிதன் பழக்கத்துக்குப் போய்விடுவான். கரண்டி மேலே போனது.

அது மேலே போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உயரம் எனக்குப் பழக்கமானது. சொம்பைப் பிடித்த அவன் அம்மாவின் கை அதே உயரத்தில்தான் நிற்கும். இரண்டு சொட்டு உள்ளங்கையில் சரியாக விழுந்தது. நக்கினான். ஏப்ரனில் துடைத்தான். அதே கையால் கொத்தமல்லியை அள்ளித் தூவினான்.

"அவர் என்ன செய்தார்?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"ருசி பார்த்தார்."

"கையை நக்கியா?"

வரதனுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரிந்தது. தப்பில்லை என்று விளக்க முன்னால் வந்தான். உதடு படவில்லை, கரண்டியில் வாய் படவே இல்லை என்று கரண்டியைத் தூக்கி மறுபடி செய்தே காட்டினான். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு, பானையோடு சாம்பாரைக் கொட்டச் சொன்னார். மயிரிழையில் பாஸ் ஆனோம்.

தலைமைச் சமையல்காரர் அடுத்த துறைமுகத்திலேயே அவனை இறக்கிவிடத் துடித்தார். நான்தான் குறுக்கே போனேன். "அனுப்ப வேண்டாம், குப்பை அறையில் ஆள் பற்றவில்லை," என்றேன். மிஸ்டர் ஞானுக்கு இரக்கம் உண்டு என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அறை. மேலே தின்று தீர்த்தவர்களின் மிச்சமெல்லாம் பீப்பாய் பீப்பாயாக அங்கே இறங்கும். கடித்த இறைச்சி, துப்பிய எலும்பு, சிகரெட் குத்திய கேக். கைவிட்டுப் பிரிக்க வேண்டும். கண்ணாடி ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், சாப்பாடு அரைக்கிற இயந்திரத்துக்கு. ஒரு ஸ்பூனை வாயில் வைக்கக் கூசியவனை ஒரு கப்பலின் மொத்த எச்சிலுக்குள் முழங்கை வரை இறக்கினேன். முதல் நாள் மூன்று தடவை வாந்தி எடுத்தான். எடுத்ததைத் துடைக்க வேண்டியதும் அவனேதான்.

கான்ட்ராக்ட் முடிந்து போகும்போது என் கேபின் வாசலில் வந்து நின்றான்.

"ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்க சார். வூட்ல செஃப்புன்னுதான் தெரியும்."

"ஏன், கேவலமான வேலையா அது?"

"இல்ல சார்."

"அப்ப சொன்னா என்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. என்றைக்காவது உதவும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

5

லீவில் வந்தபோது ஷீபாவும் உடன் வந்தாள். மாடம்பாக்கம் போகிற வழியில் அப்பாவுக்கு நான் கட்டிய வீட்டில் அக்கா குடும்பமும் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும், அப்பா அக்காவைத் தள்ளிவிட்டுத் தானே போய், பவுடர் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த தம்ளரில் பேத்திக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஷீபா என்னைப் பார்த்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "நோ தாத்தா, டாடி திட்டும்," என்றாள்.

அப்பா தம்ளரை நீட்டியபடியே என்னிடம் திரும்பினார். "பாப்பாக்கு நம்ம தம்ளர் ஆவாதா ஞானம்?"

"தம்ளர் இல்லப்பா. தண்ணிதான். இந்தத் தண்ணி அவளுக்கு ஒத்துக்காது."

"அப்டித்தான் சொல்லுவாங்க," என்றார் அப்பா. நின்றுகொண்டே அந்தத் தண்ணீரை முழுக்கத் தானே குடித்தார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கை கழுவவும் அன்றைக்குத் தோன்றவில்லை. நான் சொன்னது நிஜம்தான், தண்ணீரைத்தான் சொன்னேன். இதே நிஜத்தைக் கப்பலில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பாவை மட்டும் கிளப்பினேன். சேலையூர் என்றதும் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அங்க இன்னாத்துக்குடா?"

"இட்லி சாப்புட."

"இட்லி நம்ம வூட்ல கெடைக்கலியா?"

"பெரிய வூட்டு வரதன் ஹோட்டல் வெச்சிருக்கான்பா. நீ அங்க போய் உக்காந்து, தம்ளர்ல தண்ணி குடிக்கணும். அதுக்குத்தான் கப்பல்லேர்ந்து வந்தேன்."

அப்பா எழுந்து, ஈஸ்டருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

கேம்ப் ரோடில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கப்பல் படம் போட்ட பெரிய போர்டு. வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே சுவரில் வெள்ளைத் தொப்பி வைத்த வரதனின் போட்டோ, பின்னால் நீலக் கடல். அந்த வெள்ளைத் தொப்பியில் அவன் இருந்த காலத்தைவிட ரப்பர் கையுறையில் இருந்த காலம் அதிகம். போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. கல்லாவில் இருக்கிறவனின் குடுமி என் கையில். ஒரு தம்ளர் தண்ணீருக்கு அவன் என்ன தகராறு செய்துவிட முடியும்.

அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்கள் மேசையில் எவர்சில்வர் தம்ளர்கள் இரண்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்பா கை நீட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தார். அவ்வளவுதான், இன்னும் தண்ணீர் வர வேண்டியதுதான் பாக்கி.

வரதன் பார்த்துவிட்டான். கல்லாவை விட்டு எழுந்து வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"வாங்க சார், வாங்க. எப்ப வந்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்பாவைப் பார்த்து, "நல்லா கீறியா மரியதாசு?" என்றான்.

"கீறேங்க," என்று அப்பா பாதி எழுந்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வரதன் திரும்பி சர்வரிடம் என்னவோ சொன்னான். சர்வர் வந்து இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு போனான். அப்பா நிமிர்த்தி வைத்ததை மட்டும் இரண்டு விரலால் தூக்கினான். திரும்பி வரும்போது கையில் புது பாக்கெட் ஒன்று. எங்கள் கண் முன்னால் அதைக் கிழித்து இரண்டு பிளாஸ்டிக் கப்பை எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினான். இட்லி காகிதத் தட்டில் வந்தது.

"இது என்ன வரதன்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா சார்? ஆயிரம் பேர் வாய் வெச்ச தம்ளர் அதெல்லாம். நீங்க க்ளீன் பாக்கறவரு. ஒரு தடவ யூஸ் பண்ணோமா, தூக்கிப் போட்டமா. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

பக்கத்து மேசைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எவர்சில்வர்.

"அவங்களுக்கு?"

"அவங்கல்லாம் லோக்கல் ஆளுங்க சார்," என்றான் வரதன். சிரிக்கக்கூட இல்லை. அப்படி ஒரு மரியாதை முகத்தில்.

குப்பை அறை என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எழுந்து நின்று, போட்டோவைக் காட்டி, இந்தச் செஃப் கப்பலில் என்ன அள்ளினான் தெரியுமா என்று ஹோட்டல் பூராவும் கேட்கும்படி சொன்னால் போதும். அவன் செத்தான். இத்தனை வருடம் அதற்காகத்தானே வைத்திருந்தேன்.

சொல்ல முடியவில்லை. அது அவனைக் குத்த வேண்டுமென்றால், குப்பை அள்ளுவது கேவலம் என்று அங்கே இருக்கிற எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் பூராவும் அதைவிட மோசமானதை அள்ளிய மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தார். நான் வரதனைக் குப்பை அறைக்கு அனுப்பிய அன்றே யார் வேலையைத் தண்டனையாகக் கொடுத்தேன் என்று அந்த மேசையில்தான் உறைத்தது. என் கையில் இருந்தது அவன் குடுமி இல்லை.

அப்பா கப்பைத் தூக்கினார். உதடு படாமல், தலையை அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார்.

"வாய் வெச்சிக் குடிப்பா. அது உனக்கு மட்டும்தான்," என்றேன்.

"பழக்கம்டா," என்றார். பிறகு வரதனைப் பார்த்து, "ஜில்லுனு கீதுங்க. நமக்குன்னு புதுசே ஒடச்சிக் குடுத்துக்கீறீங்க," என்றார்.

வரதன் தலையாட்டிவிட்டுக் கல்லாவுக்குப் போனான். சாப்பிட்டு எழுந்ததும் அப்பா இரண்டு கப்பையும் இரண்டு தட்டையும் தானே அடுக்கி எடுத்துக்கொண்டுபோய் வாசல் தொட்டியில் போட்டார். நான் தடுக்கவில்லை. சர்வரும் தடுக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது அப்பா பேசிக்கொண்டே வந்தார். கேம்ப் ரோடு எவ்வளவு மாறிவிட்டது, எந்தெந்தச் சந்தெல்லாம் வீடாகிவிட்டது என்று காட்டினார். அவருக்கு எதுவும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புரியாமல் இருந்தால் நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

6

நூறு வாங்கிய விருந்திலிருந்து நேராகப் போய், துறைமுகத்துப் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். நல்ல செய்தியாக எதையாவது அவரிடம் சொல்ல வேண்டும்.

"நூத்துக்கு நூறாம்பா."

"நூறா? ஒண்ணுகூட கொறைக்கலியா?"

"குறைக்கல. கேப்டன் விருந்து வெச்சாரு. எனக்கு அவரே ஊத்திக் குடுத்தாரு."

"எதுல?" என்றார் அப்பா.

பொய் சொல்லியிருக்கலாம். "பிளாஸ்டிக் கப்புலப்பா," என்றேன். "நான் குடிக்கல."

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அப்பா அக்காவை அதட்டுவது கேட்டது.

"எல்லாருக்கும் அதுலதான் குடுத்தாங்களா?"

"ஆமா."

"கேப்டனுக்கும்?"

"கேப்டனுக்கும் அதேதாம்பா."

"அப்ப அது வேறடா," என்றார் அப்பா. "நீ குடிச்சிருக்கலாம்."